கணக்கு வகுப்பில் கோலமும் தாளமும்: கலை வழியே பாடம் நடத்தச் சில செய்முறைகள்

கேள்வியின் சுருக்கம்: அரசு நடுநிலைப் பள்ளியில் 6, 7, 8 வகுப்புகளுக்குக் கணக்கும் அறிவியலும் எடுக்கும் ஆசிரியர் ஒருவர் கேட்கிறார். வகுப்பில் 35 பேர். பாடவேளை 40 நிமிடம். ஓவிய ஆசிரியரும் இசை ஆசிரியரும் இல்லை. "பாடத்தோடு கலையை இணைத்து நடத்தச் சொல்கிறார்கள். நீர்ச் சுழற்சிக்குப் பாட்டுப் போட்டேன், பின்னத்துக்கு வண்ணச் சார்ட் செய்தேன். பிள்ளைகள் சந்தோஷமாக இருந்தார்கள். ஆனால் அடுத்த வாரம் கேட்டால் பழைய தப்புகளையே செய்கிறார்கள். எங்கே பிசகுகிறது?"

உங்கள் உழைப்பில் குறை இல்லை. கலையை எந்த இடத்தில் வைத்தீர்கள் என்பதில்தான் பிசகு. நீர்ச் சுழற்சிப் பாட்டை ஒரு குழந்தை சுருதி தப்பிப் பாடினால் நீர்ச் சுழற்சியில் எதுவும் தப்பாகாது. பின்னச் சார்ட்டில் பச்சைக்குப் பதில் மஞ்சள் அடித்தாலும் பின்னம் மாறாது. கலை ஒரு பக்கம், பாடம் ஒரு பக்கம் நிற்கிறது. நடுவில் பாலம் இல்லை. நான் வைத்துக்கொள்ளச் சொல்லும் உரைகல் இது ஒன்றுதான்: கலையில் தப்பு நடந்தால் அதே இடத்தில் பாடத்திலும் தப்பு நடந்திருக்க வேண்டும், அது குழந்தையின் கண்ணுக்கே தெரிய வேண்டும். இந்த உரைகல்லில் தேறாத செயல்பாடுகளை ஆண்டுவிழாவுக்கும் கலைத் திருவிழாவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அவற்றுக்கு நல்ல இடம் உண்டு.

இப்படிப் பார்த்தால் எல்லாப் பாடத்துக்கும் கலை பொருந்தாது. பருவத்துக்கு மூன்று நான்கு பாடங்கள் தேறினாலே நிறைவு. தொடக்க வகுப்புகளில் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் வழியே பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் வந்துவிட்டன. ஆறாம் வகுப்பில் கருத்துகள் கனமாகும்போதுதான் இதை யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. எங்கெல்லாம் நன்றாகப் பொருந்துமோ அவற்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன்.

முதலில் சிக்குக் கோலம். ஆறாம் வகுப்பு மீப்பெரு பொதுக் காரணிக்கு (மீ.பெ.கா., அதாவது இரு எண்களையும் மீதியின்றி வகுக்கும் எண்களில் மிகப் பெரியது) இதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியவில்லை. செவ்வகமாகப் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சுற்றிச் சாய்வாக இழையை ஓட்டி, ஓரத்தில் மட்டும் வளைத்துத் திருப்பினால், கோலம் முடிய எத்தனை தனித்தனி இழைகள் தேவையோ அந்த எண்ணிக்கைதான் இரு பக்கப் புள்ளி எண்ணிக்கைகளின் மீ.பெ.கா. 3×5 ஒரே இழையில் முடியும். 4×6-க்கு இரண்டு இழை. 3×6-க்கு மூன்று. 4×4-க்கு நான்கு.

வரையும் விதியைத் துல்லியமாகச் சொல்லிக் கொடுக்காவிட்டால் இது குழம்பிவிடும். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும் 2×2 கட்டங்கள் கொண்ட ஒரு சதுரத்தை ஒதுக்குங்கள். புள்ளி அதன் நடுவில். 4×6 கோலம் என்றால் அகலம் 8 கட்டம், உயரம் 12 கட்டம். இழை எப்போதும் இந்தச் சதுரங்களின் பக்க நடுப்புள்ளிகள் வழியாக மட்டுமே போகும். கீழ் ஓரத்தில் ஒரு பக்கத்தின் நடுவில் பென்சிலை வைத்து, கட்டங்களின் மூலைவிட்டமாகச் சாய்ந்து போக வேண்டும். இரண்டு சதுரங்கள் சேரும் பக்கத்தின் நடுவில் வந்தால் நேராகக் கடந்து அடுத்த சதுரத்துக்குள் போ. வெளி ஓரத்தைத் தொட்டால் திரும்பு. புறப்பட்ட இடத்துக்கே வந்தால் ஓர் இழை முடிந்தது. இன்னும் இழை சுற்றாத புள்ளிப் பக்கம் இருந்தால் வேறு நிறத்தை எடு. கடைசியில் நிறங்களை எண்ணு. நோட்டில் நேர்கோடாக வந்துவிட்டால், தரையில் ஓரங்களை வளைத்துப் போடலாம். அப்போது அது வீட்டு வாசலில் பார்த்த கோலமாகவே ஆகிவிடும்.

35 பேரை ஏழு குழுவாக்குங்கள். குழுவுக்கு நான்கு நிற சாக்பீஸ் போதும். சிமென்ட் தரையில் போடும்போது சாக்பீஸைத் தண்ணீரில் தொட்டு எழுதினால் காய்ந்ததும் கோடு நன்றாகத் தெரியும். புள்ளிக்குப் புள்ளி ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். அதைவிட நெருக்கமானால் இழைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி எண்ண முடியாமல் போகும்.

எந்த அளவுகளை எந்த வரிசையில் கொடுக்கிறீர்கள் என்பது முக்கியம். முதல் சுற்றில் 2×4, 3×3, 3×6, 4×4 கொடுங்கள். விடைகள் 2, 3, 3, 4 என்று வரும். "சின்ன எண்தான் விடை சார்" என்று வகுப்பே சொல்லும். சொல்லட்டும், கரும்பலகையில் அதை அப்படியே எழுதுங்கள். இரண்டாம் சுற்றில் 3×5, 4×6 கொடுங்கள். ஒன்று, இரண்டு என்று வந்ததும் எழுதிய விதி உடையும். அந்த இடத்தில் நீங்கள் உதவிக்கு ஓடக் கூடாது. ஐந்து நிமிடமாவது அவர்களே அல்லாடட்டும். யாராவது ஒருவர் "இரண்டையும் வகுக்கிற எண்" என்ற பக்கம் வருவார். வராவிட்டால் 4-இன் காரணிகளையும் 6-இன் காரணிகளையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள், அவ்வளவு போதும். பிறகு 6×9-க்கு விடையை முன்கூட்டியே எழுதச் சொல்லிவிட்டு வரையச் சொல்லுங்கள். 54 புள்ளி, மூன்று இழை.

ஏன் இப்படி வருகிறது என்று கேட்கும் பிள்ளைக்கும் பதில் இந்தக் கோலத்திலேயே இருக்கிறது. 4×6 கோலத்தில் ஒரே ஒரு நிறத்தை மட்டும் பின்தொடரச் சொல்லுங்கள். அது 4 புள்ளி கொண்ட மேல் ஓரத்தை எத்தனை முறை தொடுகிறது? இரண்டு. 6 புள்ளி கொண்ட பக்க ஓரத்தை? மூன்று. 4:6 என்ற விகிதம் 2:3 ஆகச் சுருங்கிக் கண் முன்னால் நிற்கிறது. மேல் ஓரத்தில் தொட வேண்டிய இடம் நான்கு, ஓர் இழை தொடுவது இரண்டு, ஆகவே இழைகள் இரண்டு. விகிதத்தைச் சுருக்கும்போது எதால் வகுக்கிறோமோ அதுதான் இழை எண்ணிக்கை.

இதில் நடக்கும் தப்புகளில் பெரும்பாலானவை ஒரே வகை. உள்ளே நேராகக் கடக்க வேண்டிய இடத்தில் குழந்தை புள்ளியை ஒட்டியே வளைந்து திரும்பிவிடும். பல சமயம் அதனால் எண்ணிக்கை மாறிவிடும். இதை அழிக்கச் சொல்லாதீர்கள். இரண்டு வேறு வேறு இழைகள் வெட்டும் இடத்தில் கடக்காமல் இரண்டையும் திருப்பிவிட்டால் அவை ஒன்றாக இணைந்துவிடும். வாசலில் கோலம் போடுபவர்கள் பல சமயம் ஒரே இழையில் முடிப்பதற்கு இந்த உத்தியைத்தான் கையாளுகிறார்கள். அதனால் வீட்டுக் கோலங்கள் எல்லாவற்றுக்கும் மீ.பெ.கா. விதி பொருந்தாது. வைரம்போல் கூம்பிப் போகும் புள்ளி அமைப்புக்கும் பொருந்தாது. இதை முதலிலேயே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் "எங்க அம்மா போட்டது வேற மாதிரி வந்துச்சே" என்ற நல்ல கேள்விக்கு நீங்கள் திணற வேண்டியிருக்கும்.

அந்த வைர அமைப்பை ஏழாம், எட்டாம் வகுப்பின் எண் தொடர்களுக்குப் பயன்படுத்தலாம். நேர்ப்புள்ளியில் (ஒரு வரிசைப் புள்ளிக்கு நேராக அடுத்த வரிசைப் புள்ளி) நடுவரிசை 7, பிறகு இருபுறமும் 5, 3, 1 என்று வைத்தால் மொத்தம் 25 புள்ளி. நடுவரிசையை 1, 3, 5, 7, 9 என்று கூட்டினால் மொத்தம் 1, 5, 13, 25, 41. வித்தியாசம் 4, 8, 12, 16. இந்த 25-ஐ இரண்டு நிறத்தால், பக்கத்துப் புள்ளிகள் ஒரே நிறமாகாதபடி சதுரங்கப் பலகைபோல மாற்றி மாற்றி வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துப் பாருங்கள். ஒரு நிறத்தில் 4×4, இன்னொரு நிறத்தில் 3×3 சதுரம் தெரியும். 16+9. இடைப்புள்ளியில் (இரு புள்ளிகளுக்கு இடையே அடுத்த வரிசைப் புள்ளி) நடுவரிசை 7 தொடங்கி இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைத்து 4-இல் நிறுத்தினால் 37. அந்தத் தொடர் 1, 7, 19, 37, 61. இவற்றை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் 1, 8, 27, 64, 125, அதாவது கன எண்கள். வீட்டில் பாட்டியிடம் "15 புள்ளி, 8-இல் நிறுத்து" என்ற கோலத்துக்கு எத்தனை புள்ளி என்று கேட்டு வரச் சொன்னால், எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே விடையைக் கணக்கிடும் பிள்ளை வகுப்பில் ஒருவராவது இருப்பார் (169).

அடுத்தது தாளம். மீச்சிறு பொது மடங்குக்கும் (மீ.சி.ம., அதாவது இரு எண்களுக்கும் பொதுவான மடங்குகளில் மிகச் சிறியது) பின்னத்துக்கும். உங்களுக்குச் சங்கீதம் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. தகிட என்றால் 3, தகதிமி என்றால் 4, தகதகிட என்றால் 5. இந்த மூன்று சொற்கட்டு போதும்.

வகுப்பை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு குழு மேசையில் ஸ்கேலால் சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும். கடிகார முள்ளின் வேகம், நிமிடத்துக்கு 60, சரியாக இருக்கும். தட்டுக்கு ஓர் எழுத்து. இரண்டாவது குழு தகிட சொல்லி ஒவ்வொரு "த"விலும் கை தட்டும். மூன்றாவது குழு தகதிமி சொல்லி முதல் "த"வில் மட்டும் தொடையில் தட்டும். இரண்டு குழுவும் ஒன்றாகத் தொடங்க வேண்டும். இரு தட்டும் எப்போது கூடுகிறது என்று கேளுங்கள். பிறகு 4-உம் 6-உம் (தகதிமிதக) வைத்துச் செய்யுங்கள். 3, 4-ஐப் பெருக்கினால் 12. 4, 6-ஐப் பெருக்கினால் 24. ஆனால் இரண்டு ஜோடியும் 12-இலேயே கூடுகின்றன. "பெருக்கிவிட்டால் மீ.சி.ம." என்ற பிடிவாதமான தப்பு இந்த இடத்தில் காதிலேயே உடைகிறது.

இங்கே நிச்சயமாக வரும் ஒரு சிக்கல்: பிள்ளைகள் 12 என்று சொல்ல மாட்டார்கள், 13 என்பார்கள். முதல் தட்டை ஒன்று என்று எண்ணியதால் கூடும் தட்டு பதின்மூன்றாவதாக வருகிறது. அவர்கள் எண்ணியது சரிதான். முதல் தட்டுக்குப் பூஜ்ஜியம் என்று பெயர் வைத்து 0 முதல் 24 வரை கரும்பலகையில் எழுதி, ஒரு குழுவின் தட்டுக்கு வட்டமும் மற்றதற்கு முக்கோணமும் போடச் சொன்னால் தெளிந்துவிடும். எண்கோட்டில் பூஜ்ஜியத்திலிருந்து ஏன் தொடங்குகிறோம் என்பதும் அதோடு புரியும். வேகம் கூடிக்கொண்டே போவது இன்னொரு சிக்கல். குழந்தைகள் உற்சாகத்தில் ஓடுவார்கள். ஸ்கேல் தட்டும் குழுவுக்கு அமைதியான பிள்ளைகளைப் போடுங்கள்.

இந்த இரண்டையும் செய்து முடித்த வகுப்பிடம் ஒரு கேள்வி வையுங்கள். 4×6 கோலத்தில் இழை 2. 4, 6 தாளம் கூடியது 12-இல். 2×12 எவ்வளவு? கோலத்தில் மொத்தம் எத்தனை புள்ளி? இரண்டு எண்களின் பெருக்கற்பலன் அவற்றின் மீ.பெ.கா., மீ.சி.ம. ஆகியவற்றின் பெருக்கற்பலனுக்குச் சமம் என்று புத்தகம் ஒரு வரியில் சொல்வது இதைத்தான். இரண்டு நாள் கையாலும் காதாலும் செய்த பிறகு அந்த வரியைப் படிக்கும்போது அதற்கு எடை வந்துவிடுகிறது.

பின்னத்துக்கு ஆதி தாளம். ஒரு சுற்றுக்கு 8 அட்சரம், அதாவது 8 எண்ணிக்கை. அதன் உறுப்புகள்: லகு 4, திருதம் 2, இன்னொரு திருதம் 2. கையால் போடும்போது ஒரு தட்டும் மூன்று விரலும், பிறகு தட்டு-வீச்சு, தட்டு-வீச்சு. லகு முழுச் சுற்றில் பாதி, ஒவ்வொரு திருதமும் கால். ½ + ¼ + ¼ = 1 என்பது கையிலேயே இருக்கிறது. அடுத்து 6 அட்சர ரூபகம்: திருதம் 2, லகு 4. அதே லகு, அதே நான்கு எண்ணிக்கை, ஆனால் இப்போது அது மூன்றில் இரண்டு பங்கு. 'எதில் நான்கு?' என்று கேட்காமல் பின்னம் சொல்ல முடியாது என்பதைச் சார்ட்டில் காட்டுவது சிரமம், தாளத்தில் தப்பவே முடியாது. ஓர் அட்சரத்தை இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரித்துச் சொல்லும்போது அரை, கால், அரைக்கால் என்ற தமிழ்ச் சொற்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். கால் என்பதில் அரைதான் அரைக்கால் (⅛) என்று பெயரே விளக்குகிறது. மூன்றாகப் பிரிப்பதிலிருந்து நான்குக்குத் தாவுவது குழந்தைக்குக் கடினம். அதை முதல் நாளில் முயல வேண்டாம்.

வாய்ப்பாட்டுப் பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மெட்டு வரிசையைப் பிடித்துவைக்கும். அதனால்தான் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் ஓரேழிலிருந்து பாடத் தொடங்குகிறார்கள். பாட்டை நிறுத்த வேண்டாம், நடுவிலிருந்து தொடங்கப் பழக்குங்கள். அதோடு நூல் வட்டம் ஒன்றைச் சேருங்கள். 10 பிள்ளைகள் 0 முதல் 9 வரை எண் அட்டையோடு 3 மீட்டர் விட்ட வட்டத்தில் நிற்க, வாய்ப்பாட்டின் ஒன்றாம் இலக்கம் போகும் வழியில் சணல் கயிற்றைக் கைமாற்ற வேண்டும். 3-ஆம் வாய்ப்பாடு: 0, 3, 6, 9, 2, 5, 8, 1, 4, 7. பத்து முனை நட்சத்திரம் வரும். 7-ஆம் வாய்ப்பாடும் அதே நட்சத்திரம்தான், திசை மட்டும் எதிர்ப்புறம். 4-உம் 6-உம் ஐந்துமுனை நட்சத்திரம், 2-உம் 8-உம் ஐங்கோணம். கூட்டினால் 10 வரும் ஜோடிகள் ஏன் ஒரே உருவம் தருகின்றன என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். பத்துமுனைக்குக் கயிறு ஏறத்தாழ 25 மீட்டர் இழுக்கும். 30 மீட்டராக வாங்குங்கள். தப்பாகப் பெருக்கியவரின் கையில் உருவம் கோணிவிடும், யாரும் திட்ட வேண்டியதில்லை.

அறிவியலில் நாடகம் நன்றாக உதவும், ஆனால் தப்பான கருத்தை ஆழமாக ஊன்றவும் அதனால் முடியும். அதனால் கவனம். திட, திரவ, வாயுத் துகள்களாகப் பிள்ளைகளை நிறுத்தும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதில் நான்கு இடத்தில் வழுக்கும். திடப்பொருள் என்றதும் சிலைபோல் அசையாமல் நிற்பார்கள். நின்ற இடத்தில் அதிர வேண்டும். திரவம் என்றதும் கையெட்டும் தூரத்துக்கு விலகுவார்கள். உண்மையில் திரவத்திலும் துகள்கள் ஏறக்குறைய ஒட்டியே இருக்கும், இடம் மாறி நழுவும், அவ்வளவுதான். ஆகவே 20 பேர் தோளோடு தோளாக நிற்க ஒரு சாக்பீஸ் சதுரம் போட்டால், திரவத்துக்கு அதைவிட ஓரடி மட்டும் பெரிய சதுரம் போடுங்கள். வாயுவுக்கு மைதானம் முழுவதும். சூடாகும்போது கைகளை விரித்து உடலைப் பெரிதாக்கிக் காட்டுவார்கள். துகள் பெரிதாவதில்லை, இடைவெளிதான் கூடுகிறது என்று அங்கேயே நிறுத்திச் சொல்ல வேண்டும். நான்காவது, "நான்தான் வெப்பம்" என்று ஒருவர் வேடம் போட்டு உள்ளே நுழைவது. அதைச் செய்யவே செய்யாதீர்கள். வெப்பம் ஒரு பொருள் என்ற எண்ணம் அதிலிருந்து முளைக்கும். வேகமாக அதிருங்கள் என்று தாளத்தைக் கூட்டினாலே போதும்.

இரத்த ஓட்டத்துக்கு மைதானத்தில் 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் இதயத்தை வரையுங்கள். மேலே இரண்டு ஆரிக்கிள் (மேலறை), கீழே இரண்டு வெண்ட்ரிக்கிள் (கீழறை). ஒருபுறம் நுரையீரல், மறுபுறம் உடல். புத்தகப் படத்தில் நம் வலக்கைப் பக்கம் இருப்பது அந்த உடலின் இடப்பக்கம். தரையில் பெரிதாக "இடது", "வலது" என்று எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி வகுப்பு தலைகீழாகச் சுற்றும். சிவப்பு அட்டை, நீல அட்டை கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். உடலுக்குள் நீல இரத்தம் ஓடுகிறது என்று நம்பவைப்பது அந்த அட்டைதான். அதற்குப் பதில் புளியங்கொட்டை. நுரையீரலில் நிற்கும் மூவர் வருபவர்களுக்கு ஆளுக்கொரு கொட்டை கொடுப்பார்கள். அதுதான் ஆக்சிஜன். உடலில் நிற்கும் நால்வர் அதை வாங்கிக்கொள்வார்கள். இரத்தமாக 16 பேர் நடப்பார்கள். நான்கு வால்வுக்கு நான்கு பேர். மீதமுள்ளவர்கள் நோட்டோடு வெளியே நின்று, கொட்டை எங்கே கைமாறுகிறது, யார் வழி தவறினார் என்று குறிக்க வேண்டும்.

வால்வுப் பிள்ளைகளின் கைத்தட்டுதான் இதில் உயிர்நாடி. லப்-டப் சத்தம் வால்வுகள் மூடும்போது வருவது. மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள இருவரும் ஒரே நேரத்தில் கைகளை மூடித் தட்டினால் லப். கீழறையிலிருந்து வெளியேறும் வாயில்களில் நிற்கும் இருவரும் தட்டினால் டப். லப் கேட்டதும் கீழறைகள் இரண்டிலும் இருப்பவர்கள் ஒருசேர வெளியே போக வேண்டும். படத்தில் அம்புக்குறியைப் பார்த்த குழந்தை வலது பக்கம் முடிந்த பிறகுதான் இடது பக்கம் வேலை செய்கிறது என்று நினைத்திருக்கும். தாளம் அதைத் திருத்திவிடும். நுரையீரலிலிருந்து இதயத்துக்குத் திரும்பாமல் நேரே உடலுக்கு ஓடுவது அடிக்கடி வரும் தவறு. வெளியே நிற்பவர்கள் "நில்" என்றதும் எல்லோரும் நின்று, ஏன் திரும்ப வேண்டும் என்று பேசிவிட்டுத் தொடருங்கள்.

சமூக அறிவியல் எடுப்பவர் உங்கள் பள்ளியில் கேட்டால், தெருக்கூத்தின் கட்டியங்காரனைச் சொல்லுங்கள். ஆட்டத்துக்கு நடுவே புகுந்து கேள்வி கேட்கும் உரிமை அவனுக்கு மட்டுமே உண்டு. எட்டாம் வகுப்பு ரயத்துவாரி முறையை எடுத்துக்கொள்ளலாம். சென்னை மாகாணத்தில் ஆளுநர் தாமஸ் மன்றோ காலத்தில், 1820-இல் நிலைபெற்ற முறை. வரி நேரே உழவரிடமிருந்து, பணமாக. வகுப்புக்காக நாமே வைத்துக்கொள்ளும் கணக்கு: நல்ல ஆண்டில் 24 கொட்டை விளைச்சல், வரி 8, நிலையானது. மழை பொய்த்த ஆண்டில் விளைச்சல் 12, வரி அதே 8, கையில் மிச்சம் 4. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 10 வேண்டும். உழவர் வட்டிக்காரரிடம் நடக்கும்போது கட்டியங்காரன் மறித்து, "போன வருஷம் 16 மிச்சமாச்சே, இப்ப ஏன் கடன்?" என்று கேட்பான். பதிலை உழவராக நடிப்பவர் எண்ணோடு சொல்ல வேண்டும். வேஷமும் வெள்ளைக்காரத் தமிழும் நுழைந்துவிட்டால் வகுப்பு முழுவதும் சினிமாவாகிவிடும். தோளில் ஒரு துண்டுக்கு மேல் வேஷம் வேண்டாம், ஒருவருக்கு நான்கு வசனம், ஒவ்வொரு வசனத்திலும் பாடத்திலிருந்து ஒரு தகவல் என்று கட்டுப்படுத்துங்கள்.

களிமண்ணுக்கு ஒரே ஒரு பயன்பாடு சொல்கிறேன்: சம உயரக் கோடு, அதாவது வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு. பிளாஸ்டிக் தொட்டியில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு மண்மலை செய்து, இரண்டு இரண்டு சென்டிமீட்டராகத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு முறையும் நீர் தொடும் விளிம்பில் குச்சியால் கீறுங்கள். தண்ணீரை வடித்துவிட்டு மேலிருந்து பார்த்தால் வரைபடம். சரிவு செங்குத்தான இடத்தில் கோடுகள் நெருங்கியிருக்கும். நாலு பங்கு களிமண்ணுக்கு ஒரு பங்கு மணல் சேர்த்தால் வெடிப்பு குறையும். மண் குழைவாக இருந்தால் தண்ணீர் பட்டதும் கரையும். ஒரு நாள் உலரவிட்டு ஊற்றுங்கள்.

இனி நேரம். 40 நிமிடத்தில் 5 நிமிடம் விதி சொல்ல, 22 நிமிடம் செய்ய, 3 நிமிடம் துடைக்க, கடைசிப் 10 நிமிடம் நோட்டில் எழுத. அந்தப் பத்து நிமிடத்தைத்தான் எல்லோரும் பறிகொடுக்கிறார்கள். பிள்ளைகள் ஆர்வமாக இருக்கிறார்களே என்று செயல்பாட்டை நீட்டி, மணி அடித்ததும் கலைந்துவிடுகிறார்கள். உங்கள் நீர்ச் சுழற்சிப் பாட்டு தேர்வு வரை எட்டாமல் போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். கோலம் போட்ட கையோடு "(4, 6) இன் மீ.பெ.கா. = 2" என்று புத்தக மொழியில் எழுதாவிட்டால், குழந்தையின் மனத்தில் கோலம் கோலமாகவும் கணக்கு கணக்காகவும் தனித்தனியே தங்கிவிடும். மறுநாள் கலை எதுவும் இல்லாமல் ஐந்து கேள்வி கொடுங்கள். அதில் பாதிப் பேர் தடுமாறினால் இன்னொரு முறை கோலம் போடுவது வீண். நோட்டுக்கு மாற்றும் படிதான் விடுபட்டிருக்கிறது. தரை வேலைக்கு முதல் இரண்டு பாடவேளைகளே நல்லது. பதினொரு மணிக்கு மேல் சிமென்ட் தரை சுடும்.

வளரறி மதிப்பீட்டுக்கு (பாடம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீடு) இதைக் கணக்கில் எடுப்பதானால், கோடு அழகாக இருக்கிறதா, குரல் இனிமையா என்பதற்கு மதிப்பெண் போடாதீர்கள். விதியைப் பின்பற்றினாரா, தப்பு நடந்த இடத்தைத் தானே கண்டாரா, புத்தக மொழியில் எழுதினாரா என்ற மூன்றைப் பாருங்கள். இரண்டாவதற்கு அதிக மதிப்பெண் கொடுப்பேன். கோணலாகக் கோலம் போட்டு, தன் நான்காவது வரிசையில் இழை திரும்பிவிட்டது என்று காட்டும் பிள்ளைக்குக் கணக்கு புரிந்துவிட்டது.

யாருக்கு எந்த வேலை என்பதில் கொஞ்சமும் அசட்டை கூடாது. கோலம் என்றதும் பெண் பிள்ளைகள் வரைய, ஆண் பிள்ளைகள் எண்ண என்று தானாகவே பிரிந்துவிடும். ஒவ்வொரு இழைக்கும் கைமாற வேண்டும் என்று விதி வையுங்கள். எல்லா வீட்டு வாசலிலும் கோலம் கிடையாது. அதனால் "உங்க வீட்ல போடுற மாதிரி" என்று தொடங்காமல் புள்ளியும் இழையுமாகவே அறிமுகம் செய்யுங்கள். பறை கொண்டுவரும் எண்ணம் இருந்தால் அதைவிடக் கவனம் வேண்டும். "உனக்குத்தான் அடிக்கத் தெரியுமே, நீ வா" என்று ஒரு குழந்தையை அழைப்பது அதன் சாதியைச் சொல்லி அழைப்பதாகவே வகுப்பின் காதில் விழும். எல்லோரும் கற்றுக்கொள்ளட்டும், எல்லோரும் முறைவைத்து அடிக்கட்டும். அது முடியாத சூழ்நிலை என்றால் மேசையும் ஸ்கேலும் போதும்.

எங்கே தொடங்குவது என்றால் 4×6 சிக்குக் கோலத்தில் தொடங்குங்கள். வகுப்புக்கு முந்தைய நாள் நீங்களே கட்டம் போட்ட நோட்டில் இரண்டு நிறத்தில் போட்டுப் பாருங்கள். 20 நிமிடம் ஆகும். ஒன்றோ மூன்றோ இழை வந்தால், உள்ளே எங்கோ ஓரிடத்தில் கடக்காமல் திரும்பியிருக்கிறீர்கள். அந்த இடத்தைத் தேடிப் பிடியுங்கள். மறுநாள் பிள்ளைகள் சறுக்கப்போவதும் பெரும்பாலும் அங்கேதான்.